கடைசித் தூணின் பெயர்

மாதா மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இது எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நானும் அப்படிச் சிரித்தவள்தான். பேய் வந்தால்கூட பேச்சுத் துணைக்கு ஆச்சு என்று கேலி பேசியவள்.

2003 ஜூன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரெட்டியார்சத்திரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. பன்னிரண்டு ஊர்களில் குழந்தைகள் காப்பகம் நடத்தினோம். மறுநாள் காலை, பணம் கொடுக்கிற டிரஸ்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எந்த ஊருக்குப் போவது என்று எங்கள் சார்ட்டைப் பார்த்து அவர்களே சொல்வார்கள். அவர்கள் பார்க்காத ஊருக்கு அடுத்த வருஷம் உதவி சந்தேகம்தான்.

"ஒரு ஊர் பேருகூட விடுபடக் கூடாது, அமலராணி" என்று சொல்லிவிட்டு ராயப்பராஜ் சார் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார். அவருக்கு வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். எனக்கு நாகல் நகரில் ஒரு வாடகை அறை. அம்மா போன பிறகு, 'இன்னும் வரலையே' என்று கேட்க ஆள் கிடையாது. அலுவலகக் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

எக்செல்லில் சார்ட் வந்தது. ஊருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தூண்கள் இருந்தன, கீழே ஊர்ப் பெயர்கள் ஆறுதான். இடம் பத்தாமல் ஒன்றுவிட்டு ஒன்று காணாமல் போயிருந்தது. பெயர்களை நெட்டுக்குத்தாகத் திருப்பினேன். பன்னிரண்டும் வந்துவிட்டன. ஆனால் கடைசித் தூணின் பெயர் ரொம்ப நீளம். ஆத்திமரத்துப்பட்டி கிழக்குக் காலனி. அதில் 'ஆத்திமரத்து' மட்டும் தெரிந்தது, மிச்சம் வெட்டுப்பட்டிருந்தது. எழுத்தைச் சின்னதாக்கினேன். அப்படியும் வரவில்லை.

மணி 7.40. கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. பீப்... பீப்... திரையில் மட்டும் வெளிச்சம்.

சத்துமாவு வறுக்கிற வாசனை வந்தது.

"எங்க ஊரு பேரு பாதிதான தெரியுது, தாயி?"

முதுகுக்குப் பின்னால் மூக்காயியின் குரல். அந்தக் கிழக்குக் காலனி காப்பகத்து ஆயா. ஒண்டிக்கட்டை. சமையல், படுக்கை எல்லாம் அங்கேயே. மாசத்துக்கு ஒரு தடவை சம்பளம் வாங்க வருவாள்.

"என்னக்கா இந்நேரத்துல?" என்றேன், திரும்பாமலே. யு.பி.எஸ். பத்து நிமிஷம்தான் தாங்கும். ஆனாலும் ஒரு ஆள் வந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

"ஆத்திமரத்துன்னு நிக்குது. மிச்சத்தக் காணோம்."

"அதோடதான்க்கா மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன்."

"கீழ எடமில்ல. தூண மேல தூக்கு."

அட, ஆமாம். தூண்கள் இருந்த கட்டத்தைக் கீழிருந்து மேலே சுருக்கினேன். அடியில் இடம் கிடைத்தது. முழுப் பெயரும் இறங்கி வந்தது.

"வந்துருச்சுக்கா!"

"பேரு தெரிஞ்சா வருவாகல்ல?"

"வருவாங்கக்கா."

"வரச் சொல்லு, தாயி. ஒத்தையில கெடக்கேன்..."

சேவ் செய்தேன். வாசனை மாறியது. பரணில் எலி செத்தால் வருமே, அந்த நாற்றம்.

அப்போதுதான் உறைத்தது.

மூக்காயிக்குப் படிக்கத் தெரியாது. சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பவள்.

கதவைப் பார்த்தேன்.

போட்ட தாழ் போட்டபடி...

பீப்... பீப்...

திரும்பினேன்.

யாருமில்லை.

எப்படி வீடு போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. காலையில் சார் வந்த பிறகுதான் அலுவலகத்துக்குள் நுழைந்தேன். பிரிண்ட் எடுத்தோம். பன்னிரண்டு பெயரும் முழுசாக இருந்தன. டிரஸ்டிலிருந்து வந்திருந்த அம்மா கடைசிப் பெயரில் விரலை வைத்துச் சிரித்தார். "இவ்ளோ நீளமா ஒரு ஊர் பேரா! இங்கயே போலாமே."

ஜீப்பில் நானும் போனேன். காப்பகம் காலனியைத் தாண்டி ஒதுக்குப்புறமாக இருந்தது. கதவு சாத்தியிருந்தது. தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண் நின்று சொன்னாள். "ஊர்ல சாமி கும்பிடு சார். புதன்கிழமைதான் பிள்ளைக வரும். ஆயாவும் எங்கிட்டாச்சும் போயிருக்கும்."

சார் கதவைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே தாழ் போட்டிருந்தது.

உடைத்தார்கள். அதே நாற்றம். அடுப்படியில் கிடந்தாள் மூக்காயி. பக்கத்தில் வாணலி, அதில் கருகிப்போன சத்துமாவு.

சனிக்கிழமை சாயங்காலமே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளை யாரும் தேடவில்லை. என்னையும்தான். ஊரில் இத்தனை பேர் இருக்க, அவள் என்னிடம் ஏன் வந்தாள் என்று நினைத்தால் பயத்தோடு அழுகையும் வருகிறது.

இப்போதும் நான் தனியாகத்தான் இருக்கிறேன். ராத்திரி கதவைச் சும்மா சாத்துவதோடு சரி, தாழ் போடுவதில்லை. "பயமா இல்லையாக்கா?" என்று பக்கத்து வீட்டு ஷைனி கேட்பாள்.

பயம்தான். தாழ் போட்டுப் படுத்தால் இன்னும் பயம்.