பதினொண்ணு பாயைச் சுருட்டினானா?

எங்கள் முதலாளி காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததும் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டுவார். பிறகு நேராக என் மேசைக்கு வந்து, ஐரோப்பாவில் ஒரு பையனுக்குத் தொடை நரம்பு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். "ஏனுங்க மாஸ்டர், ஓடறானுங்களா?" "லேசா ஓடறானாமுங்க." அதற்குப் பிறகுதான் அவருக்கு டீ இறங்கும். ஒரு கால்பந்து ஆட்டத்தைக்கூட உட்கார்ந்து முழுசாகப் பார்த்திராத மனிதர். ஊரில் இருக்கிற நீங்கள் போனில், "அங்க என்னல வேல?" என்று என்னிடம் கேட்கிறீர்கள். திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர், காலையில் மட்டும் ஒரு விங்கருக்கு வைத்தியர் என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

விஷயம் இதுதான். அந்தப் பையன் ஒரு பெரிய அணியில் ஓரத்தில் ஓடி விளையாடுகிறவன். அவன் பெயரும் பதினொன்று என்ற எண்ணும் முதுகில் அச்சிட்ட டீ-ஷர்ட்டுகள் எங்களுக்கு ஆர்டராக வந்திருந்தன. அவன் பெயரை முழுதாகச் சொல்லக்கூடிய நாக்கு கம்பெனியில் ஒருவருக்கும் இல்லாததால் 'பதினொண்ணு' என்றே அழைத்தோம். துணி வந்து, வெட்டி, தைத்தும் ஆயிற்று. முதுகு மட்டும் வெறுமையாக இருந்தது. அப்போதுதான் பதினொண்ணு புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்பதாகச் செய்தி வந்தது. அவன் வேறு அணிக்குப் போய்விட்டால் பெயர் போட்ட சட்டைகளை எடுக்க மாட்டோம் என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அனுப்ப வேண்டிய தேதியோ மாறவில்லை. அவன் முடிவு தெரியும்வரை காத்திருந்தால் கப்பல் போய்விடும், சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் ஏற்ற வேண்டும். 'ஏர்ல போகணும்' என்று சொன்னால் இந்த ஊரில் எந்த முதலாளியும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிடுவார்.

கம்பெனியில் கால்பந்து தெரிந்த ஒரே ஆள் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நாகர்கோவிலுக்குத் தெற்கே கடற்கரைக்காரன் என்றால் பிறக்கும்போதே பந்தோடு பிறந்திருப்பான் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். பாதி உண்மை. எங்கள் ஊரில் கோவில் திருவிழாவுக்கு வெடி இல்லாமல் இருக்கலாம், பந்தாட்டம் இல்லாமல் இருக்காது. நானும் விங்கர்தான், இடது ஓரம். மைதானத்தின் இடது ஓரத்தில் கடல். என் திறமையைப் பார்த்து அங்கே நிறுத்தினார்கள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பந்து தண்ணீருக்குள் போனால் எடுத்துவர ஓர் ஆள் வேண்டும் என்பதே காரணம் என்று என் மனைவியின் அண்ணன் சூசைதான் கல்யாணத்துக்குப் பிறகு வெளிப்படுத்தினான். எங்கள் ஊர்க்காரர்கள் ஆட்டக்காரனைத் திட்டும் திட்டை இங்கே எழுத முடியாது. அவனுடைய அப்பாவும் அருகில் நின்று திட்டுவார். பெருமாநல்லூரில் ஞாயிற்றுக்கிழமை பையன்களோடு விளையாடி நான் ஒரு கோலைத் தவறவிட்டபோது ஒருவர், "பரவாயில்லீங்க, அடுத்தாப்ல பாத்துக்கலாமுங்க" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்மைத் திட்டுவதற்குக்கூட இந்த ஊரில் ஆள் இல்லையே என்று இருந்தது.

முடிவெடுக்க வேண்டிய நாள் வந்தது. பிரிண்டிங் மேசையைச் சுற்றி முதலாளி, பிரிண்டிங் மாஸ்டர் ராசு, நான். ராசு குண்டடத்துக்காரர். பெயரும் எண்ணும் அச்சிடும் சட்டத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, போடவா வேண்டாமா என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"இவன் போன வருசம் ஓடுன ஓட்டம் இப்ப இல்லீங்க. எடப்பக்கம் ஓடிட்டு இருந்தவனெ கோச்சு வலப்பக்கம் மாத்திட்டாரு. அவனுக்கு அது புடிக்கலை" என்றேன். காலையில் பேப்பரில் படித்ததைச் சொந்தக் கண்டுபிடிப்பு போலச் சொல்வது எனக்குக் கைவந்த கலை.

முதலாளி உடனே புரிந்துகொண்டார். "ஓவர்லாக் டைலரெ கொண்டுபோயி பேட்லாக் மெசின்ல உக்கார வெச்ச மாதிரி. கோவிச்சுக்கிட்டு அடுத்த கம்பெனிக்குப் போயிருவானே."

"இல்லீங்க. வலப்பக்கம் வந்தா உள்ள வெட்டி எடக்கால்ல அடிக்கலாம். அவனுக்கு நல்லதுதான்."

"மாஸ்டர், நீங்க ரெண்டு பக்கமும் பேசறீங்க" என்றார் ராசு.

உண்மைதான். அதனால் மேல்முறையீட்டுக்கு சூசையைச் செல்போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். சூசைக்கு அந்த அணி என்றால் உயிர். அணியின் மேல் இருக்கிற பிரியத்தை அதன் ஆட்டக்காரர்களைத் திட்டித்தான் காட்டுவான்.

முதலாளி போனுக்குக் குனிந்து, "வணக்கமுங்க. அந்தத் தம்பி இருப்பாருங்களா?" என்று கேட்டார்.

"அவனா? சவத்துப் பய."

முதலாளி நிமிர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. "செத்துட்டாருங்களா?"

இல்லைங்க, எங்கள் ஊரில் ரொம்பப் பிரியமானவர்களை அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கிச் சொன்னேன். ராசு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஓய் மச்சான்" என்றான் சூசை. "அவன் எடத்த ஓடினா ராஜா. வலத்த ஓடினா சவம். அந்தக் கோச்சு இருக்கது வரைக்கும் அவன் நிக்க மாட்டான். எழுதி வச்சுக்கோ."

முதலாளி தனக்குத் தெரிந்த வழிக்கு வந்தார். இங்கே தீபாவளிக்குக் கம்பெனிகளை மூடுவார்கள். போனஸ் வாங்கிக்கொண்டு தெற்கத்தி ஆட்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்புவோம். யார் திரும்பி வருவார்கள், யார் அப்படியே நின்றுவிடுவார்கள் என்பது முதலாளிகளுக்குப் பெரிய கவலை. வாயால் கேட்டால் எல்லாரும் வருவேன் என்றுதான் சொல்வோம். எனவே எங்கள் முதலாளி கேட்க மாட்டார். வாசலில் நின்று கையைப் பார்ப்பார். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறவன் வரமாட்டான். பாயை அறையில் விட்டுவிட்டுப் போகிறவன் வந்துவிடுவான். இந்தக் கணக்கு இதுவரை பொய்த்ததில்லை என்பார்.

"எடப்பக்கம் வலப்பக்கமெல்லாம் அக்கட்டால கெடக்கட்டும். அவன் பாயைச் சுருட்டிட்டானா, அதைப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

ஐரோப்பாவில் பாயை எங்கே தேடுவது? பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அகராதியும் கையுமாகத் துழாவினேன். ஒரு மூலையில் கிடைத்தது. பதினொண்ணு தன் மகளை அந்த ஊர்ப் பள்ளியில் புதிதாகச் சேர்த்திருக்கிறான். குழந்தை பையை மாட்டிக்கொண்டு நிற்கும் படம்கூட இருந்தது. ஓடிவந்து சொன்னேன். முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "புள்ளையெ பள்ளிக்கூடத்துல சேத்துட்டு எவனாச்சும் ஊரை உட்டுப் போவானுங்களா? ராசு, பிரிண்டைப் போடு." நானும் பலமாகத் தலையாட்டினேன். அவருடைய வீட்டில் மூன்று தலைமுறையும் ஒரே தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டத்திலேயே கம்பெனியும் கட்டியவர்கள். அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. தலையாட்டிய எனக்கு என்ன வந்தது என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

சட்டைகள் காய்ந்து, மடித்து, பெட்டிக்குள் போன பிறகு, ஆட்டக்காரர்கள் அணி மாறுவதற்கான கடைசி நாளில் பதினொண்ணு வேறு நாட்டு அணிக்குப் போய்விட்டான். மனைவியும் மகளும் பழைய ஊரிலேயே இருப்பார்களாம், பள்ளி கெடக்கூடாதாம்.

சூசைக்குப் போன் போட்டு, "பிள்ளையைப் பள்ளியில சேத்தவன் போவான்னு எவன்ல நெனப்பான்?" என்று புலம்பினேன். அவன் திட்டவில்லை. அது அபூர்வம். "ஒம் மவ எங்க படிக்கா மச்சான்?" என்று மட்டும் கேட்டான்.

என் மகள் ஊரில் கோவில் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளைச் சேர்த்த வாரமே நான் திருப்பூர் பஸ் ஏறினேன்.

வாங்குகிறவர்கள் சரக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிச்சத் துணி விற்கும் காதர்பேட்டைக் கடைகளில் எடைக்கு எடுத்தார்கள். அதன்பிறகு அவிநாசியிலும் குன்னத்தூரிலும் ஆடு மேய்ப்பவர், பால்காரர், கரும்பு வெட்டுகிறவர் என்று ஆளுக்கு ஆள் பதினொண்ணாக நடமாடினார்கள். முதலாளி என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. இந்த ஆர்டர் பணத்தில் வாங்கப்போவதாகச் சொல்லிவந்த நிட்டிங் மெஷினின் பேச்சை மட்டும் அவர் மறுபடி எடுக்கவில்லை. காலையில் கற்பூரம் காட்டிவிட்டு நேராகத் தன் அறைக்குப் போய்விடுவார். என் மேசைக்கு வருவதில்லை. ஊர்த் திட்டு இதைவிட எவ்வளவோ மேல்.

தீபாவளி வந்தது. வேதக்காரனாகிய நான் தீபாவளி போனஸில்தான் வருடாவருடம் கிறிஸ்துமஸ் துணி எடுக்கிறேன். வாசலில் முதலாளி இனிப்புப் பொட்டலத்தைக் கொடுத்தார். கண் என் கையைத் தடவியது. ஒரு பையும், விலைபோகாத சட்டைகளில் ஒரு மூட்டையும் இருந்தன.

"பாயி?" என்றார்.

"ரூம்லதானுங்க இருக்குது."

தலையை ஆட்டினார். ஆனால் வழக்கமாக வரும் நிம்மதி அந்த முகத்தில் வரவில்லை. இன்னொரு தடவை மூட்டையைப் பார்த்தார். "செரி, போயிட்டு வாங்க" என்றார். இத்தனை வருடமும் பாய் எனக்காகச் சாட்சி சொல்லிவந்தது. பதினொண்ணு அதையும் கெடுத்துவிட்டுப் போயிருந்தான்.

ஊரில் மூட்டையைப் பிரித்ததும் சூசைக்கு ஒரே கொண்டாட்டம். மறுநாள் மாலை எங்கள் அணியில் பதினொரு பேருக்கும் ஒரே பெயர், ஒரே எண். யாரை மறிப்பது என்று தெரியாமல் எதிரணி சிரித்துச் சிரித்தே தோற்கப் பார்த்தது. கரையில் என் செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள், இதில் அப்பா யார் என்று முதலில் தேடினாளாம். பந்து கடலுக்குள் போனதும் பின்னாலேயே ஒருவர் போகவே கண்டுபிடித்துவிட்டாளாம்.

இடுப்பளவுத் தண்ணீரில் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராசுவின் வேலை சுத்தம். எத்தனை அலை அடித்தும் முதுகில் ஓர் எழுத்துகூட உரியவில்லை.

"எலே சவமே, வால" என்று சூசை மைதானத்திலிருந்து கத்தினான். கேட்கச் சுகமாக இருந்தது. அதே நேரம் மகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரம்வரை ஓடிவந்தாள்.

"அப்பா, ஒங்க மொதலாளி. எப்ப வருவீங்கன்னு கேக்காங்க."

பந்தைத் தலைக்கு மேல் தூக்கினேன். இரண்டு பக்கமும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்: "இந்தா வந்துட்டேன்."