பக்கவாசலில் முந்நூறு பேர்

யாராவது என்னிடம் வந்து, "எங்க வீட்டாளுங்க முன்னாடி நிக்கிறாங்க, கொஞ்சம் விடுங்கக்கா" என்றால் நான் நம்பமாட்டேன். தீம் பார்க்கில் வரிசையைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நொண்டிக்கொண்டே வந்து முன்னால் இடம் கேட்ட மனிதர், உள்ளே விட்டதும் குடுகுடுவென்று ஓடியதைப் பார்த்திருக்கிறேன். துணியைச் சுருட்டி வைத்த கர்ப்பத்தைப் பார்த்திருக்கிறேன். வரிசைக் கம்பியில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தைச் செருகிவிட்டுப் போய், ஐஸ்கிரீமோடு திரும்பி வந்து "அது எங்க இடம்லா" என்ற குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக் கடையில் டிஷ்யூ பொட்டலம் வைத்து மேசை பிடிக்கிற பழக்கத்தை இங்கேயும் கொண்டு வந்துவிட்டார்கள். அவர்கள் கண்ணெதிரேயே அந்தப் பொட்டலத்தைப் பிரித்து நான் மூக்கைச் சிந்தினேன்.

சந்தேகப்படாமல் என்ன செய்வது? ஏமாற்றுவதில் நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. "இங்கிருந்து அறுபது நிமிடம்" என்று பலகை வைப்பவள் நான்தான். நாற்பத்தைந்து நிமிடத்தில் உள்ளே போய்விடுவீர்கள், "அட, சீக்கிரம் வந்துட்டோமே" என்று சந்தோஷப்படுவீர்கள். வரிசையை வளைத்து வளைத்து விடுவது, அதன் முழு நீளம் உங்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. புதிய சவாரியை மறைத்திருக்கும் பலகையில் ஒரு ஓட்டை இருக்குமே, பிள்ளைகள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பார்களே, அது தச்சர் செய்த தவறு என்றா நினைத்தீர்கள்? எந்த உயரத்தில் போடுவது என்று கூட்டம் போட்டுப் பேசி முடிவு செய்த ஓட்டை அது.

இப்படி ஊரை நம்பவைக்கிற வேலையில் இருப்பவள் ஊரை எப்படி நம்புவாள்?

அந்த வருடம் ஒரு தண்ணீர்ச் சவாரி வந்தது. ஆறு மாடி உயரத்திலிருந்து படகோடு சறுக்கி விழ வேண்டும். பல மாதமாகப் பலகைக்குப் பின்னால் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்னால் ஊழியர்களின் குடும்பத்தாரை ஏற்றி ஒரு வெள்ளோட்டம் விடுவது வழக்கம். ஆளுக்கு இரண்டு பேரை அழைக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி, பக்கவாசல். நாளும் நேரமும் வெளியே கசியக் கூடாது என்று மேலதிகாரி அம்மா வரிசைக் குழுவான எங்கள் ஆறு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். சீனப் பெண்மணி, நல்லவர், ஆனால் கூட்டம் என்றால் பயம்.

அந்த ஆறு பேரில் என்னோடு தமிழ் பேச ஒரே ஒருவர்தான் இருந்தார். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வரிசையில் நிற்பவர்கள் எரிச்சலாகிவிட்டால் அவரைத்தான் அனுப்புவோம். "ஏன்மா முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க, படகு ஓடியா போயிடப் போவுது?" என்று நாலு வார்த்தை பேசிச் சிரிக்க வைத்துவிடுவார். எனக்கு அதுதான் பிடிக்காது. எல்லோரோடும் இப்படி வாய் நிறையப் பேசுகிறவரின் வாயில் எது நிற்கும்?

அவருடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்கிற படிவத்தை நிரப்ப வேண்டியவள், குழுத் தலைவியான நான். மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, இந்த வேலை இருந்தால் போதும் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். "எழுதிடுறேன் பாய், கவலைப்படாதீங்க" என்று நானும் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை, சாமான் அறைக்குப் பின்னால் அவர் போனில் பேசுவது காதில் விழுந்தது. "செவ்வாய்க்கிழமை. எட்டரைக்கெல்லாம் வந்துடணும். சைடு கேட். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, சரியா?" என்னைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சிரித்தார். எனக்கு மூக்கில் வியர்த்தது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே நான் போய்விட்டேன். எந்தப் புது வரிசையையும் ஆளை நிறுத்திப் பார்க்காமல் நான் திறப்பதில்லை. ஒரு வளைவில் எத்தனை பேர் நிற்பார்கள், எங்கே நசுங்குவார்கள், எங்கே வெயில் அடிக்கும் என்பதெல்லாம் காகிதத்தில் தெரியாது. பக்கவாசலுக்கு வெளியே நாடாக் கம்பங்களை நட்டேன். "வரிசை இங்கே தொடங்குகிறது" என்ற பலகையை வைத்தேன். தண்ணீர் மேசை போட்டேன். அலுவலகத்தில் காலை வேலைக்கு வந்திருந்த பன்னிரண்டு பேரைச் சொந்த உடையிலேயே கூட்டி வந்து நிற்க வைத்து அளவெடுத்தேன். அரை மணி நேரம். பிறகு அவர்களை உள்ளே அழைத்துப் போய், படகில் எப்படி ஏற்றி இறக்குவது என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

எட்டரைக்கு வெளியே வந்தால் முந்நூறு பேர்.

என் வளைவெல்லாம் நிரம்பி, நடைபாதையைத் தாண்டி, டிராம் நிறுத்தம் வரை வால் போயிருந்தது. பள்ளி விடுமுறை வேறு. கடற்கரைக்குப் போகிற வாளியும் மண்வெட்டியுமாகச் சில பிள்ளைகள். குடை, தள்ளுவண்டி, செல்பி. அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. நடுவில் எங்கோ ஊழியர் குடும்பத்தார் மாட்டிக்கொண்டு கையாட்டினார்கள். யார் நம்மவர், யார் வெளியாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். வரிசையிலிருந்து இரண்டு பேர், "பாய்! அஸ்ஸலாமு அலைக்கும்!" என்று கூப்பிட, இவர் போய்க் கைகொடுத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். சரிதான், கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் நாடாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். தலையில் பூப்போட்ட முக்காடு, தோளில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத நீலக் கைப்பை. கூட இன்னொரு பெண். "என் வீட்டுக்காரர் இங்கதான் வேலை பார்க்கிறார். அவர் சொல்லித்தான் வந்தோம்" என்று போனை நீட்டினார். போனை நான் பார்க்கவே இல்லை.

"இங்க நிக்கிற எல்லாருக்கும் உள்ள ஒரு வீட்டுக்காரர் இருக்கார்மா. கதை விடாதீங்க, பின்னாடி போங்க" என்றேன். நன்றாகக் கேட்கும்படியாகவே சொன்னேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த அம்மா கைப்பையை மழை படாமல் முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளோட்டத்தை ரத்து செய்தார்கள். பத்து மணிக்கு எல்லோரையும் திருப்பி அனுப்பினோம். மேலதிகாரி அம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டு, யார் வெளியே சொன்னது என்று ஒரே கேள்வி கேட்டார். சாமான் அறைக்குப் பின்னால் கேட்டதைச் சொன்னேன். கைகொடுத்த இரண்டு பேரைச் சொன்னேன். எல்லாம் உண்மைதான், ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. அன்று மாலையே படிவத்தை நிரப்பினேன். "நம்பகமானவரா" என்ற கட்டத்தில் "இல்லை" என்பதில் டிக் போட்டேன்.

மாதக் கடைசியில் பாய் தன் லாக்கரைக் காலி செய்தார். யாரும் அவரிடம் காரணம் சொல்லவில்லை, ஆள் குறைப்பு என்று சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் கறி பஃப் வாங்கி வந்திருந்தார். எனக்கு இரண்டு கொடுத்தார். "வரேன் தங்கச்சி" என்றார். இந்தச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்கும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். கறி பஃபை மட்டும் சாப்பிட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மார்சிலிங் வீட்டிலிருந்து கிளம்பி, மளிகை வாங்க ஃபேரர் பார்க் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். ஒரு கடை வாசலிலிருந்து கடைகளின் ஓரத்து ஐந்தடிப் பாதை நெடுக வரிசை. தீபாவளி நெருங்குகிற நேரம், முறுக்கு மாவோ பலகாரமோ மலிவாகப் போடுகிறார்கள் போல என்று நினைத்தேன். நினைத்தேன்கூட இல்லை, கால் தானாகப் போய் நின்றது. பத்து நிமிடம் நகர்ந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள்.

"அக்கா, இது எதுக்கு க்யூ?"

"உங்களுக்கே தெரியாதா? பின்ன ஏன்மா நிக்கிறீங்க?"

"நீளமா இருந்துச்சுல்ல, ஏதாச்சும் நல்லதா இருக்கும்னு நின்னேன். நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

நான் எட்டிப் பார்த்தால், ஊருக்குப் பார்சல் அனுப்புகிற கடை. பனியனும் பால்பவுடரும் நிரம்பிய அட்டைப் பெட்டிகளோடு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள். எங்கள் இருவர் கையில் வெறும் பை. எனக்குப் பின்னால் வேறு நாலு பேர் சேர்ந்திருந்தார்கள், அவர்கள் கையிலும் பெட்டி இல்லை. அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது.

பலகை. நாடா. தண்ணீர் மேசை. சொந்த உடையில் பன்னிரண்டு பேர்.

அடிப்பாவி, நீதானா?

மளிகையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக, அந்தச் செவ்வாய்க்கிழமை கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். ஏழு பத்துக்கு என் பன்னிரண்டு பேர். ஏழு பதினான்குக்கு, நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு வயதான சீனத் தம்பதி நின்று பார்க்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், கடைசியில் சேர்கிறார்கள். நான் முன்னால் குனிந்து அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்புறம் ஒரு குடும்பம். அப்புறம் டிராமிலிருந்து இறங்கியவர்கள். முன்னால் இருந்த பன்னிரண்டு பேரை நான் உள்ளே கூட்டிப் போகிறேன். வாசல் திறந்து ஆள் உள்ளே போவதைப் பார்த்ததும் பின்னால் இருப்பவர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஆவலாக முன்னால் நகர்கிறார்கள். அந்த இரண்டு பேர், பாய்க்கு சலாம் சொன்னவர்கள், எட்டே காலுக்குத் தூண்டிலோடு வந்து சேர்கிறார்கள். மீன் பிடிக்க வந்தவர்கள்! யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. முந்நூறு பேரில் ஒருவரிடமாவது "எதுக்கு நிக்கிறீங்க?" என்று நான் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பன்னிரண்டு வளைவு போடத் தெரிந்த எனக்கு இந்த ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

மேலதிகாரி அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், என்னை வேலையிலிருந்து தூக்குவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் சிரித்தார். "ஐயோ, அன்னிக்கு எடுத்த போட்டோ எல்லா இடத்துலயும் போயிடுச்சுலா. திறக்கறதுக்கு முன்னாடியே முந்நூறு பேர்னு! நமக்கு நல்லதுதான்" என்றார் ஆங்கிலத்தில். பாயைப் பற்றிக் கேட்டேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றார். திறப்பு நாளுக்கான டிக்கெட் இரண்டை எடுத்து என் கையில் திணித்தார். நன்றாக உழைத்தேனாம்.

அந்த இரண்டு டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை பாசிர் ரிஸ் போனேன். பாய் வீடு ஒன்பதாவது மாடி. வழி நெடுக என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எனக்கும்தான். செருப்பு அலமாரிக்கு மேலே ஆணியில் நீலக் கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பாய் செக்யூரிட்டி சீருடையில் இருந்தார். ஒரு கொண்டோ அடுக்குமாடி வாசலில் காவல் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், சம்பளம் குறைவு. மகள் பகுதிநேர வேலை தேடுகிறாளாம். நான் உட்காராமல் நின்றபடியே சொல்லி முடித்தேன். போனில் கேட்டது, படிவம், டிக், கேமரா, எல்லாம். அழுதுவிடக் கூடாது என்று இருந்தேன், அழுதுவிட்டேன்.

அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே சொன்னார். "நான் பேசுனது இவங்ககிட்டதான், தங்கச்சி. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மேலதிகாரி அம்மா சொன்னாங்களே, அதைத்தான் இவங்களுக்கும் சொன்னேன்." தொப்பியை மேசைமேல் வைத்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். அவர் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நான் நின்ற இடம் ஆறடி.

டிக்கெட்டை எடுத்து அவர் மனைவியிடம் நீட்டினேன். திறப்பு நாள், நானே வாசலில் இருப்பேன், நானே கையைப் பிடித்து முதல் படகில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கோபமும் இல்லை. எனக்கு முன்னால் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"வேணாம்மா. அவர் அங்க வேலை பார்க்கிறார்னுதான் அன்னிக்கு வந்தேன். இப்ப யாராவது வாசல்ல கேட்டா, நான் என்னன்னு சொல்றது?"