மச்சானுக்கும் சொல்லாத இடம்

மூடுபனியில் கரை தெரியாமல் ஐந்து மணி நேரம் கடலில் சுற்றிவிட்டு வந்த படகுக்காரரை, மறுநாள் காலையே ஜிபிஎஸ் வாங்க இழுத்து வந்துவிட்டாள் அவர் மனைவி. கடைக்காரர் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார்.

"பெரியது வரைபடமே காட்டும்ணே. நீங்க குறிச்ச இடத்தை மத்த படகுக்கும் அனுப்பும்."

அவருக்குப் பகீரென்றது. கரையிலுள்ள தண்ணீர்த் தொட்டியும் ஆலையின் புகைபோக்கியும் நேர்கோட்டில் தெரியும் இடத்தில், கடலடியில் ஒரு பாறை உண்டு. இருபது வருடமாக வீட்டில் அடுப்பெரிவது அந்தப் பாறை மீனால்தான். சொந்த மச்சானிடம்கூட அவர் வாய் திறந்ததில்லை.

"சின்னது வாயை மூடிக்கிட்டு இருக்குமா?"

"இருக்கும்ணே. யாருக்கும் எதையும் அனுப்பாது."

"மேல சுத்துற சாட்டிலைட்டு பார்த்துடாதா?"

"அதுக்கு நீங்க யாருன்னே தெரியாது."

"என்னையே தெரியாதுன்னா, நான் இருக்கிற இடத்தை எப்படிச் சொல்லும்?"

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, படகு கவுந்தா உங்களை எங்கே வந்து தேடுறது? மீன்கிட்ட விசாரிக்கணுமா?"

அவர் இரண்டு கருவிகளையும் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் சின்னதையே கேட்டு, பெட்டி எடுக்கக் கடைக்காரர் உள்ளே போனதும், மனைவியின் காதோடு சொன்னார்:

"அந்த இடத்தை இதுல குறிச்சதும் இது காட்டுற இட நம்பரை எழுதித் தர்றேன். உனக்கு மட்டும்தான்."

சொல்லிவிட்டு, செய்தது சரியா தப்பா என்று புரியாமல் விழித்தார்.