திடீர்ச் சத்தத்துக்குப் பயப்படும் நிலாவோடு போமாண்ட் வரை

தை மாதம் மதுரையில் தம்பிக்குக் கல்யாணம். விமான டிக்கெட் போடலாமா வேண்டாமா என்ற குழப்பத்தில் பிறந்ததுதான் இந்தப் பயணம். என் மூன்று வயது மகள் நிலாவுக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. போன வருஷம் இங்கே டெக்சஸில், பேர்லேண்ட் கோவிலில் தவில் ஆரம்பித்ததும் அலறி, மூச்சடைத்து, உதடே நீலமாகிவிட்டது. கெட்டிமேளம் கொட்டினால்?

ஆனால் வீட்டில் அவள் விடாமல் கேட்பது ஓர் அக்கேடியப் பாடகியை. அக்கேடியர்கள் கனடாவின் கிழக்குக் கரையில் பிரெஞ்சு பேசுகிறவர்கள். அவர்களுடைய நாட்டுப்பாட்டையும் கன்ட்ரி கிடாரையும் எலக்ட்ரானிக் இசையோடு கலக்கிறார் இவர். பக்கத்து ஊரான போமாண்டுக்குக் கச்சேரிக்கு வருகிறார் என்றதும், "இதைத் தாங்கிட்டாள்னா டிக்கெட் போட்டுடலாம்" என்றார் கணவர் கார்த்திக்.

போன சனிக்கிழமை. நாங்கள் இருக்கும் சுகர் லேண்டிலிருந்து போமாண்ட் 105 மைல். மதியம் மூன்று மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சிக்குக் காலை பத்துக்கே கிளப்பிவிட்டேன். டிராஃபிக் பயம்தான். "கச்சேரி கேக்கப் போறோமா, ஹாலைப் பெருக்கப் போறோமா?" என்று கார்த்திக் வழியெல்லாம் கிண்டல். 11:55-க்கே போய்ச் சேர்ந்தோம்.

உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நிலாவுக்குக் காது மறைக்கும் ஹெட்செட் மாட்டினேன். அதுதான் தப்பு. சத்தம் கேட்கவில்லை, ஆனால் மரத்தரை அதிர்ந்தது. எங்கிருந்து வருகிறதென்று புரியாமல் வீறிட்டாள். தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"போதும்பா, கிளம்பிடலாம்" என்றேன் கார்த்திக்கிடம்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

பாடகி வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, காலடியிலிருந்த பலகையில் குதிகாலால் தட்டினார். பாட்டுக்குக் காலாலேயே தாளம் போடுவது அவர்கள் ஊர் வழக்கமாம். பக்கத்திலிருந்த ஒலிப்பதிவு மெஷினில் ஒரு பட்டனை அழுத்தியதும் அது அதே தட்டலைத் திருப்பிச் சொன்னது. நிலா ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தானே அழுத்தினாள்.

"அகெய்ன்!"

நான்கு தடவை. "இவளை எங்க பேண்டுல சேத்துக்கிட்டேன்" என்று பாடகி சிரித்தார்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். நிகழ்ச்சியில் மறுபடி ஹெட்செட் மாட்ட விட்டாள், நாற்பது நிமிஷம் காலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு இடி மாதிரி ஒரு புதுச் சத்தம், ஒரே அழுகை. வெளியே வந்துவிட்டோம். ஆனால் தானாகவே அடங்கினாள், உதடு நீலமாகவில்லை.

டிக்கெட் 25 டாலர், குழந்தைக்கு இலவசம். பார்க்கிங் ஹாலுக்குப் பின்னால். இப்படிப்பட்ட குழந்தையோடு போகிறவர்கள், ஒத்திகைக்கு உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறதென்று குழந்தை கண்ணால் பார்க்கட்டும்.

நேற்று மதுரைக்கு டிக்கெட் போட்டுவிட்டுத் தம்பியை அழைத்தேன். "முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நிலாவைத் தவில்காரர் பக்கத்துல உக்கார வைக்கணும்டா."

"அவர் ஒத்துக்கலைன்னா என்னக்கா பண்ணுவ?"

"வாசல்ல நின்னு நீ தாலி கட்டுறதைப் பாக்குறோம். ஆனா வருவோம்."