வடிகாலில் கொட்டிய சோடா உப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தது மொத்தம் மூன்று பேர். நான், என் மனைவி ஸ்டெல்லா, சர்ச்சில் பூசை முடிந்து எங்கள் வீட்டு மட்டன் குழம்புக்கு வந்த அவள் தம்பி அருள். அவன் சட்டைப் பையில் இருந்த சின்னப் புத்தகத்தையும் சேர்த்தால் நான்கு.

படிக்கிற புத்தகம் இல்லை. பி.ஹெச். பேப்பர். அருள் பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவன். மருந்தடிக்கிற தண்ணீர் புளிப்பா, உவரா என்று ஒரு தாளைக் கிழித்து நனைத்துப் பார்ப்பான். ஆரஞ்சு வந்தால் புளிப்பு. பச்சை வந்தால் நடுத்தரம். நீலம் போனால் உவர்.

அதைப் பார்த்ததும் எனக்குள் ஒன்று துள்ளியது. முதல் நாள்தான் போனில் வந்த ஒரு வீடியோவில் ஒருவர் பேசியிருந்தார். உடம்பு புளித்துப் போனால் அத்தனை நோயும் வருமாம். முதலில் கிட்னி போகுமாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பயப்படுவதற்குப் படிப்பு எதற்கு? இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எனக்குத் தும்மல் வந்தாலே நிமோனியாதான்.

அருளிடம் புத்தகத்தைக் கடன் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை, முதல் சிறுநீர். தாளை நனைத்தேன்... ஆரஞ்சு! அட்டையில் ஒத்துப் பார்த்தால் ஐந்து; நடுத்தரம் ஏழு. அருளுக்கு போன் போட்டு, சும்மா கேட்பதுபோல், மண்ணில் ஐந்து வந்தால் என்ன செய்வாய் என்றேன்.

"ரொம்பப் புளிச்ச மண்ணுங்க மாமா. சுண்ணாம்பு போட்டுத்தான் சரி பண்ணணும்."

சுண்ணாம்பைத் தின்ன முடியுமா? வீடியோக்காரர் அதற்கும் வழி சொல்லியிருந்தார் — சோடா உப்பு. தண்ணீரில் இரண்டு ஸ்பூன், மூன்று வேளை. மறுநாளே தாள் பச்சை. அதற்கடுத்த நாள் நீலம். நானே டாக்டர் ஆகிவிட்ட சந்தோஷம். ஒவ்வொரு தடவையும் ஒரு தாள். பாத்ரூமிலிருந்து கையில் கலர் தாளோடு வரும் என்னைப் பார்த்து ஸ்டெல்லா சொன்னாள்: "இருங்க, அடுத்தது உங்களுக்குச் சொட்டுநீர்ப் பைப்பு போட்டுடறேன்."

பன்னிரண்டாம் நாள் காலையில் செருப்பு காலுக்குள் போகவில்லை. பாதம் வீங்கியிருந்தது. தலை கனம் வேறு. எங்கள் தெருவில் ஒருவர் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போகிறார்; அவருக்கும் கால் வீக்கத்தில்தான் ஆரம்பித்தது. முடிந்தது கதை, கிட்னி போய்விட்டது என்று நினைத்தேன். ஸ்டெல்லா கேலியை நிறுத்திவிட்டாள். தர்மபுரி பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது.

டாக்டரம்மா காரிமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பிரஷர் பார்த்தார். நூற்று எழுபது! எனக்கு ஐந்து வருஷமாக பிரஷர் மாத்திரை. உப்பைக் குறைத்தீர்களா என்று கேட்டார். ஊறுகாயைக் கையால் தொட்டதில்லை என்றேன், பெருமையாக.

"பேப்பர் கதையைச் சொல்லுங்க," என்று ஸ்டெல்லா முழங்கையால் இடித்தாள்.

சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "சோடா உப்பும் சோடியந்தாங்க. ஊறுகாயை வாசல்ல நிறுத்திட்டு, கொல்லை வழியா மூட்டையோட உள்ள வுட்டுருக்கீங்க."

ரத்தம், சிறுநீர் எல்லாம் டெஸ்ட்டுக்குப் போயின. ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். ரிப்போர்ட் வந்தது. கிட்னி நன்றாக இருந்தது.

அப்படியானால் அந்த ஐந்து? கேட்காமல் எழுந்து வர மனசில்லை. சிறுநீர் நாலரையிலிருந்து எட்டு வரை எங்கே இருந்தாலும் நார்மல்தானாம். பெரும்பாலும் ஆறை ஒட்டி இருக்கும். கறி தின்றால் புளிப்பு ஏறும், காய்கறி பழம் தின்றால் இறங்கும். காலை முதல் சிறுநீர் பொதுவாகப் புளிப்பாகத்தான் இருக்கும். எப்போதுமே புளிப்பாக இருந்தால் சிலருக்குக் கல் சேரலாம். எப்போதுமே உவராக இருந்து எரிச்சலும் இருந்தால் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தாளின் கலரை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ரத்தம்தான் ஏழு புள்ளி நாலை ஒட்டியே அசையாமல் நிற்க வேண்டும். அது அசையாமல் இருக்க, நுரையீரலும் கிட்னியும் ஓயாமல் வேலை செய்கின்றன.

எனக்குப் பாதிதான் புரிந்தது. முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார்.

"நீங்க பாத்தது வயல் இல்லீங்க, வடிகால். வேண்டாத புளிப்பு அது வழியாத்தான் வெளிய போவுது. வடிகால்ல புளிப்பு இருக்குன்னு யாராச்சும் வயலுக்குச் சுண்ணாம்பு போடுவாங்களா?"

யாரும் போடமாட்டார்கள். நான் போட்டேன்.

யோசித்துப் பாருங்கள். நான் கவலைப்பட்ட அந்த ஆரஞ்சு நிறம், என் கிட்னி ஒழுங்காக வேலை செய்ததற்கு அத்தாட்சி. சரியாக ஓடிக்கொண்டிருந்ததைத்தான் பன்னிரண்டு நாள் ரிப்பேர் செய்திருக்கிறேன்!

சோடாவை நிறுத்திய ஒரே வாரத்தில் செருப்பு காலுக்குள் போனது. பிரஷரும் இறங்கியது. அருள் புத்தகத்தைக் கேட்டு வந்தான். வெறும் அட்டையை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "மொத்த வயலுக்கும் எனக்கு இத்தனை தாளு ஆவாதுங்களே மாமா," என்றான்.

காசை எடுத்தேன். ஸ்டெல்லா என் கையைத் தட்டிவிட்டாள். கொடுத்தால் அவன் புதுசு வாங்குவான். வாங்கினால் நான் சும்மா இருப்பேனா?

மச்சானுக்குப் பாக்கி, நூற்று முப்பது ரூபாய்.