வெட்டிப் பார்க்காத தர்ப்பூசணி

ஸ்த்ருமிட்சா ஊரின் உயர்நிலைப் பள்ளியில் தர்க்கமும் தத்துவமும் நடத்திய பிளகுனாவுக்கு, யாராவது "அதனால" என்று சொல்லிவிட்டால் போதும், காது விறைத்துக்கொள்ளும். எதனால் எது, எப்படித் தெரியும், வேறு காரணம் இருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ஒரு சாவு வீட்டில் பாதிரியார், நல்லவர்களைத்தான் கடவுள் முதலில் அழைத்துக்கொள்கிறார் என்று உருகிக்கொண்டிருந்தபோது, "அப்ப மிச்சம் இருக்கிற நாம எல்லாம் யாரு? உங்களையும் சேர்த்து?" என்று பக்கத்தில் நின்றவளிடம் முணுமுணுத்தாள். அவளுடைய முணுமுணுப்பு வகுப்பின் கடைசி பெஞ்சு வரை கேட்டுப் பழகியது. பாதிரியாருக்கும் கேட்டது.

அவளுடைய கல்யாணமே அப்படித்தான் நடந்தது. அதே பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த மீத்ரே ஒருநாள் மென்று விழுங்கி, "நாம நல்ல ஜோடின்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான்.

"எல்லாரும் சொல்றாங்கங்கிறது ஒரு காரணமா? வேற ஏதாவது இருக்கா?"

மீத்ரே போய் யோசித்தான். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தான். "வேற ஒண்ணும் தேறல. உன்கூட இருந்தா எனக்கு நல்லா இருக்கு, அவ்வளவுதான்."

"இது காரணம்" என்றாள் பிளகுனா. இலையுதிர் காலத்தில் கல்யாணம் நடந்தது.

சந்தையில் வெள்ளைப் பாலாடைக்கட்டி விற்பவன் அவளைக் கண்டாலே தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான். "என் கட்டியை வாங்கினவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்லம்மா" என்று அவன் பெருமை பேசிய ஒரு சனிக்கிழமை, "பிடிக்காதவங்க எதுக்கு உன்கிட்ட திரும்பி வந்து சொல்லணும்? அடுத்த கடைக்குப் போயிருப்பாங்க" என்று அவள் கேட்டிருந்தாள். அந்தக் கேள்வியை வருடா வருடம் மாணவர்களுக்கு உதாரணமாகவும் சொல்லிவந்தாள்.

இப்படிப்பட்டவள் வாழ்நாள் முழுக்கப் போராடியது ஊருக்கிருந்த குறுக்குக் காற்றுப் பயத்தோடு. எதிரெதிரே இரண்டு சன்னல் திறந்திருந்து நடுவே காற்று ஓடினால் கழுத்து பிடிக்கும், காது அடைக்கும், சிறுநீரகம் கெடும், பிள்ளை தங்காது என்று அந்த ஊரில் நம்பாத ஆள் கிடையாது. ஊர் டாக்டர் கூடத் தன் அறையில் ஒரு சன்னலைத்தான் திறப்பார். ஜூலை வெயிலில் பேருந்து அடுப்பாகக் கொதிக்கும், ஒரு சன்னல் திறக்காது. மயங்கி விழுந்தாலும் விழுவார்கள், காற்று மட்டும் ஆகாது.

அந்த வருடம் ஓஹ்ரித் ஏரிக்கரையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பேருந்து பிடித்துக் குடும்பமே போய்வந்தது. திரும்பும் வழியில் பிளகுனா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். எல்லோரும் தூங்கிவிட்டதும் தன் பக்கத்துச் சன்னலையும் எதிர்ப்பக்கச் சன்னலையும் திறந்துவிட்டாள். பின்வரிசையில் அவளுடைய அண்ணன் லாசேயின் மனைவி வெலிகா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருப்பவள் வெலிகா. ஊரில் அவள் குரலுக்கு மேல் குரல் கிடையாது. மறுநாள் காலையில் அவளுக்குக் கழுத்து திரும்பவில்லை. கூப்பிட்டால் கழுத்தோடு தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பின.

அடுத்த ஞாயிறு லாசே வீட்டுச் சாப்பாட்டு மேசையே நீதிமன்றமாகிவிட்டது.

"நல்லா இருந்தேன். இவ சன்னலைத் திறந்தா. கழுத்து போச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றாள் வெலிகா, முழு உடம்போடு பிளகுனாவின் பக்கம் திரும்பி.

"அண்ணி, பேருந்துல நாப்பது பேர் இருந்தாங்க. மத்தவங்க கழுத்து எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"குறுக்குக் காத்து ஆளைத் தேடிப் பிடிக்கும்."

"சன்னல் முன்வரிசையில. நீங்க கடைசியில."

"தேடி வந்துச்சுங்கிறேன்."

"சரி. கல்யாணத்துல ஓரோ ஆட்டம் ஆடினீங்க. வட்டம் முழுக்க எல்லாரும் முன்னால பார்த்து ஆடுறாங்க, நீங்க மட்டும் தலையை ஒரே பக்கமா வெச்சிருந்தீங்க."

"பொண்ணோட அம்மா எவ்வளவு நகை போட்டிருந்தான்னு பார்க்க வேணாமா?"

"அப்புறம் அஞ்சு மணி நேரம் அண்ணன் தோள்ல சாஞ்சு தூங்கினீங்க. அண்ணன் தோள் என்ன தலையணையா?"

மீத்ரேக்குச் சிரிப்பு வந்தது, ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டான். லாசே தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான். வாதம் முடிந்தது என்று நினைத்த பிளகுனா, மேசை நடுவிலிருந்த தர்ப்பூசணியில் ஒரு துண்டை எடுத்து, "எப்படி இருக்கு பாருங்க. காலையில சந்தையில நான் தட்டிப் பார்த்து எடுத்தது" என்றாள்.

ஊரறிந்த விஷயம் அது. பிளகுனா தர்ப்பூசணியைத் தூக்கிக் காதோரம் வைத்து விரலால் தட்டுவாள், கண்ணை மூடிக் கேட்பாள். பத்தைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுப்பாள். கல்யாணமாகி முப்பது வருடம், அவள் வாங்கி வந்த பழம் சோடை போனதே இல்லை.

வெலிகா பழத்தைக் கடித்தாள். மென்றாள். விதையைத் துப்பினாள். பிறகு, "நீ வேணாம்னு தள்ளின பழத்தை எப்பவாவது வெட்டிப் பார்த்திருக்கியா?" என்று கேட்டாள்.

"அதை எதுக்கு வெட்டணும்?"

"அது இதைவிட இனிப்பா இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பிளகுனா கையிலிருந்த துண்டைக் கடித்தாள். பாலாடைக்கட்டிக்காரனிடம் தான் கேட்ட கேள்வி, இவ்வளவு காலம் கழித்துச் செருப்புக் கடை வழியாகத் தன்னிடமே வந்து நிற்கிறது என்று அவளுக்குப் புரிய ஒரு துண்டு தின்னும் நேரம் ஆயிற்று. முகம் தர்ப்பூசணி நிறத்துக்கு வந்தது.

"சோதிச்சுப் பார்த்துடலாம்" என்றாள்.

லாசேக்கு ஊருக்கு வெளியே தர்ப்பூசணி வயல் இருந்தது. அந்த வாரமே நான்கு பேரும் அங்கே போனார்கள். லாசே விற்பனைக்குப் பறித்து வைத்திருந்த குவியலுக்கு முன்னால் பிளகுனா உட்கார்ந்து தட்டினாள். நல்லது என்று ஐந்தை எடுத்தாள், உதவாது என்று ஐந்தை ஒதுக்கினாள். யார் வெட்டுவது என்று அடுத்த சண்டை. வெலிகா வெட்டினால் ஏமாற்றுவாள், பிளகுனா வெட்டினால் அவளுக்கே தெரிந்துவிடும். கடைசியில் லாசேயிடம் கத்தியைக் கொடுத்தார்கள். அவனுக்கு மனைவியிடமும் பயம், தங்கையிடமும் பயம். அவனைவிட நடுநிலையான ஆள் அந்தப் பள்ளத்தாக்கில் கிடைக்கமாட்டான். அவன் கொட்டகைக்குப் பின்னால் போய் வெட்டி, எது எந்தக் கூட்டம் என்று சொல்லாமல் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தான்.

மூன்று பேரும் தின்றார்கள். மீத்ரே எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்றான். அவனை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் அவன் தின்பதை நிறுத்தவில்லை. பிளகுனா கண்ணை மூடி ருசித்துக்கொண்டே வந்தாள். ஒரு துண்டில் நின்றாள்.

"இதுதான். தேன். கையில எடுத்துத் தட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சது. இதோட சத்தம் இன்னும் காதுல இருக்கு."

லாசே தொப்பியைக் கழற்றினான். தலையைச் சொறிந்தான்.

"சொல்லு அண்ணே."

"அது நீ ஒதுக்கினது பிளகுனா. வேணாம்னு காலால தள்ளி விட்டியே, அது."

மற்றவற்றிலும் இப்படித்தான். தேர்ந்தெடுத்த ஐந்தும் இனிப்பு, ஒதுக்கிய ஐந்தும் இனிப்பு. பிளகுனாவின் வாய் தானாக இயங்கியது. வயலில் காற்று அடித்தது, சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றாள். அண்ணன் கத்தியைக் கழுவாமல் வெட்டியதால் சாறு கலந்துவிட்டது என்றாள். சொல்லும்போதே, தேர்வில் தோற்ற பையன்கள் சொல்வது போலவே தான் சொல்கிறோம் என்று அவளுக்குக் கேட்டது. கடைசியாக ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

"எல்லாமே அண்ணன் பார்த்துப் பறிச்சது. காய் ஒண்ணுகூட இல்ல. நல்லதும் கெட்டதும் கலந்திருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்."

"சந்தையில விக்கிறவன் மட்டும் காயாவா பறிச்சுக்கிட்டு வரான்?" என்றாள் வெலிகா. "அவனும் லாசே மாதிரி ஒருத்தன்தானே?"

காக்கை ஒன்று தோல்களைப் பார்த்து இறங்கியது. பிளகுனா கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் தட்டுறதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. முப்பது வருஷமா சும்மா தட்டியிருக்கேன்" என்றாள். வெலிகாவுக்கு இது பிடிக்கவில்லை. சண்டை நீளும் என்று தயாராக வந்திருந்தாள். நாத்தனார் இப்படித் தோற்றதை ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என்னவோ போலிருந்தது. கழுத்தும் அதற்குள் சரியாகிவிட்டிருந்தது.

"சரி விடு, அழுதுடாத. உன் சன்னலையும் ஒரு தரம் சோதிச்சுப் பார்த்துடலாம். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கடையை லாசே கையில கொடுத்துடாதீங்க. அவருக்கு இடதுகால் செருப்பு எதுன்னே தெரியாது."

அன்று மதியமே பிளகுனா வீட்டில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைத்தார்கள். திரைச்சீலைகள் பறந்தன. சோபாவில் வெலிகா தூக்குமேடை ஏறுகிறவள் முகத்தோடு படுத்தாள். ஒரு சால்வையை இடுப்பில் ஒளித்துவைத்திருந்தாள். பிளகுனா கையை நீட்டினாள், வெலிகா அதை உருவிக் கொடுத்தாள். சிறிது நேரத்தில் குறட்டை கேட்டது. பிளகுனா எதிரே நாற்காலி போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெலிகா விழித்தாள். கழுத்தை இடப்பக்கம் திருப்பினாள், வலப்பக்கம் திருப்பினாள். காதை இழுத்துப் பார்த்தாள். இடுப்பைத் தட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணும் இல்ல." சற்று யோசித்தாள். "ஆனா ஒரு தரம் ஒண்ணும் ஆகலங்கிறதால எப்பவுமே ஒண்ணும் ஆகாதுன்னு ஆயிடுமா?"

பிளகுனா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். இத்தனை வருடத்தில் இந்தக் குடும்பத்தில் யாரும் அவளிடம் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. "ஆயிடாது அண்ணி. சரியான வாதம். ரொம்பச் சரி. பல தரம் பார்த்தாத்தான் ஏதாவது சொல்ல முடியும்."

"அப்ப நான் ஞாயித்துக்கிழமைதோறும் உன் வீட்டுல தூங்கணுமா?"

"ஆமா. சால்வை இல்லாம."

"சாப்பாடு போடுவியா?"

"போடுறேன்."

அந்தக் கோடை முழுக்க வெலிகா ஞாயிறு மதியம் வந்து சாப்பிட்டாள், காற்றில் தூங்கினாள். இரண்டு வாரம் சன்னலைத் திறந்தும், ஒரு வாரம் அவளுக்குத் தெரியாமல் மூடியும் பிளகுனா மாறி மாறிக் கவனித்தாள். மூடியிருந்த ஒரு நாள்தான் வெலிகா முதுகு வலிக்கிறது என்றாள். அன்று அவள் இரண்டு தட்டு மிளகாய் வறுவலும் கால்வாசி வாத்தும் தின்றிருந்தாள், அதனால் அதையும் கணக்கில் எடுக்க முடியவில்லை. இலையுதிர் காலம் வந்து குளிர் இறங்கியதும் சோதனை நின்றது. முடிவு சொல்ல முடியாது என்று பிளகுனா சொல்லிவிட்டாள்.

வெலிகாவோ செருப்புக் கடையில், வாடிக்கையாளர் காலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை கடை திறக்க முடியாதும்மா, நான் ஒரு விஞ்ஞான ஆராய்ச்சியில இருக்கேன்" என்று குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.