ஏழு ஐம்பது வரை உள்ளே இருந்த போன்

ஆறு இருபது வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு வந்த பாப்பம்மா, அதே மாலை ஏழு மணிக்கு ஒயிட்ஃபீல்டு ஆபீசின் மூன்றாவது மாடியில் எப்படி இருந்திருக்க முடியும்? மறுநாள் காலை ஷைலாவுக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கதையை முதலில் கேட்டபோது எனக்கும் தெரியவில்லை.

ஷைலா கோலார் தங்க வயல்காரி. விடியும் முன்னே ரயில் வண்டி ஏறிப் போய், அந்த ஆபீசின் கம்ப்யூட்டர், வைஃபை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவள். பாப்பம்மா அங்கே பெருக்கித் துடைக்கிறவர். அதே ஊர், அதே வண்டி.

முந்தின நாள் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் மூன்றாவது மாடியில் ஒரு லேப்டாப் காணாமல் போயிருந்தது. மானேஜர் திலீப் வைஃபை பட்டியலைத் திறந்தார். அன்று அந்த மாடிக்காரர்கள் மதியமே கிளம்பிவிட்டதால், அந்த நேரத்தில் அங்கே ஒரே ஒரு போன்தான் இருந்தது. அது பாப்பம்மாவுடையது, ஏழு ஐம்பது வரை இணைப்பில் இருந்ததாகக் காட்டியது. அவர் போய்வருகிற பின்வாசலில் கையெழுத்துப் புத்தகமும் கிடையாது. காலையில் வந்தவரை ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"சார், அவங்க எங்கூடத்தான் வண்டியில வந்தாங்க," என்றாள் ஷைலா.

திலீப் பங்காருபேட்டைக்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர். "ஊர்க்காரிக்கு ஊர்க்காரி சாட்சியா? சிஸ்டம் பொய் சொல்லாது மேடம். நாலு மணி வரைக்கும் டைம். அப்புறம் போலீஸ்."

ஸ்டோர் ரூம் வாசலில் செக்யூரிட்டி சம்பங்கி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே பாப்பம்மா பினாயில் கேன்களுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா ஷைலா, நான் வூட்டுக்குப் போயி சோறாக்கினேன். என் போன் மட்டும் இங்கயே குந்திக்கினு இருந்திச்சா?" சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கதவை மட்டும் சாத்தாதீங்கமா. மூச்சு அடைக்குது."

ஷைலா தன் மேசைக்குப் போய் அந்தப் போனின் பதிவை வரிவரியாகப் பார்த்தாள். கடைசியாக அது வைஃபை பெட்டியோடு பேசியது ஐந்து ஐம்பதுக்கு. பிறகு இரண்டு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் பெயர் இணைப்பில் இருப்பதாகப் பச்சையாகவே நின்றிருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. போன் வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போவதில்லை. தூரம் போனதும் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் பேச்சில்லாவிட்டால் பெயரை எடுப்பது என்று பெட்டிக்கு ஆள்தான் சொல்லிவைக்க வேண்டும். வாங்கி வந்தபோது ஐந்து நிமிடம் என்று இருந்தது. அதை இரண்டு மணி நேரமாக மாற்றியவள் ஷைலாவேதான்.

அவள் அப்பா எட்மண்ட், தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இறங்கும்போது ஆளுக்கொரு பித்தளை டோக்கன். ஏறி வந்து அவரவரே திருப்பிக் கொடுக்கும்வரை ஆள் உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு. யாராவது மறந்து டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால், வீடு வரை ஆள் வந்து எழுப்பும். 'ஏறியிருப்பான்' என்று யாரும் பெயரை எடுக்க மாட்டார்கள். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு, ஐந்து நிமிடம் சத்தமில்லை என்றதும் ஆளே இல்லை என்று எழுதிவிட மனசு வரவில்லை.

சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் பாப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மணி மூன்று. அரை மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து திலீப்பின் அறைக்குப் போனாள்.

"சார், சிஸ்டம் பொய் சொல்லல. நான்தான் அதுக்குத் தப்பா சொல்லிக் குடுத்திட்டேன்."

"தோரிசி மேடம். காட்டுங்க, நம்பறேன்."

அவள் தன் போனைச் சம்பங்கியிடம் நீட்டினாள். "அண்ணா, இத்த எடுத்துக்கினு ரோட்டுக்கு அந்தாண்ட டீக்கடையில போய் உக்காருங்க."

"டீ குடிக்க ஆபீசே அனுப்புதா? தினமும் யாரையாச்சும் சந்தேகப்படுங்கமா!"

காவல் போன பிறகும் பாப்பம்மா இடத்தை விட்டு எழவில்லை.

இருபது நிமிடம் ஆயிற்று. திரையில் ஷைலாவின் பெயர் பச்சையாகவே இருந்தது. திலீப் அவள் நம்பருக்குப் போன் போட்டார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "சார், இன்னொரு டீ சொல்லட்டா?" என்றார் சம்பங்கி.

திலீப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மாவைப் போகச் சொல்லுங்க. நீங்க நடந்ததை எழுதிக் குடுங்க. ஹெட் ஆபீஸ் பாக்கற வரைக்கும் எதையும் மாத்தக் கூடாது."

ஷைலா தன் பெயரைப் போட்டு எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரமே அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். லேப்டாப்பை யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது.

அன்று ஆறு இருபது வண்டியில் பாப்பம்மா வேர்க்கடலை வாங்கவில்லை. தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பவாச்சும் நான் வெளிய வந்திட்டனாமா?"

ஷைலா மணியைப் பார்த்தாள். "பட்டியல்ல இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆவும்க்கா."

உங்கள் ஆபீசிலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கலாம். அதைக் காட்டி யாரையாவது உட்கார வைத்தால், அந்தப் போன் கடைசியாக எப்போது பேசியது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். காலை வண்டியில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரை இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.